நேரலையில் என் முகம்

எங்கள் ஊரில் ஒரு பாட்டுத் தொகுப்பை வெளியிடுவதென்றால் பாட்டு மட்டும் போதாது. விளக்கேற்ற ஒருவர், வாழ்த்துரைக்கு ஒருவர், நயவுரைக்கு ஒருவர், ஆய்வுரைக்கு ஒருவர் என்று ஆட்கள் வேண்டும். நயவுரை சொல்பவர் புகழ்வார். ஆய்வுரை சொல்பவர் நல்லதையும் கெட்டதையும் பிரித்துச் சொல்வார். எல்லாரும் பேசி முடிந்த பிறகு, பாடியவர் எழுந்து ஏற்புரை சொல்ல வேண்டும். சபை சொன்னதையெல்லாம் ஏற்றுக்கொண்டேன் என்று அதற்குப் பொருள். அந்த ஒழுங்கில் ஒரு குறை இருப்பதாக எனக்கு அதுவரை தோன்றியதில்லை. நானே மேடையில் இருக்கும் நாள் வரை.

நான் நகரத்தில், பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். வீடு பாலையூற்றில். கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகொன்றில் எஞ்சின் பார்க்கிறார். ஒரே மகள், உயர்தரம் படிக்கிறாள். பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் பள்ளிக்கூட வயதிலிருந்தே இருக்கிறேன், எப்போதும் பின்வரிசை. கறுப்பு நிறம், பருத்த உடம்பு, போதாததற்கு உயரமும். கோயிலில் நடக்கும் கலியாணப் படங்களில் என் முகத்தில் பாதிதான் தெரியும். மீதியை முன்னால் நிற்பவரின் கொண்டை மறைத்திருக்கும். அதை ஒரு துக்கமாக நான் எடுத்ததில்லை. அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

பிறகு கழுத்தில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். கட்டியால் ஆபத்தில்லை என்றார்கள். ஆனால் குரல் போய்விட்டது. மாதக்கணக்கில் காற்றுத்தான் வந்தது. கடையில் வாடிக்கையாளரிடம் கையைக் காட்டிக் காட்டிப் பேசினேன். கோயிலில் வாயை மட்டும் அசைத்தேன். மகளைக் கூப்பிட வேண்டுமென்றால் கரண்டியால் சட்டியில் தட்டுவேன்.

ஒருநாள் காலையில், குசினியில் சூடை மீன் கழுவிக்கொண்டு நின்றபோது, பூனை ஒன்று யன்னலால் உள்ளே வந்தது. "ச்சூ!" என்று அதட்டினேன். குரல் வந்துவிட்டது. கைகளில் மீன் செதிலோடு அப்படியே நின்று, வாயில் வந்த சொற்களைப் போட்டுப் பாட ஆரம்பித்தேன். குளியலறையிலிருந்து கணவர், "ஆரது, ரேடியோவோ?" என்று கேட்டார்.

"இல்லை, நான்தான்" என்று கத்தினேன். அந்தக் காலையில் என்னை எனக்கு அவ்வளவு பிடித்தது. இதை நான் இங்கே அழுத்தமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பிற்பாடு எல்லாரும் அது பொய் என்று சொன்னார்கள்.

அந்தக் காலையிலிருந்துதான் பாட்டுகள் வந்தன. எட்டுப் பாட்டு. எல்லாமே துள்ளல். என்னை எனக்குப் பிடிக்கும், என் நிழலும் எனக்கு வடிவுதான், என் கதிரையில் நான்தான் ராணி, இப்படி. கிண்ணியாவில் டயர்க் கடை ஒன்றுக்கு மேலே ஒலிப்பதிவு அறை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணர் ஒருவரிடம், எங்கள் பக்கத்து வழக்கில் நானா, கொண்டுபோனேன். கடைகளின் மலிவு விற்பனை விளம்பரங்களும் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிப் பாட்டுகளும்தான் அவருடைய வழக்கமான வேலை. சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டியிருப்பார். மெதுவான பாட்டாகவும் ஒன்று போடுவோமா என்று கேட்டேன்.

"சோகத்துக்கு ஊருல ஆள் நிறைய இருக்கு தங்கச்சி" என்றார். "நாம துள்ளுவம்."

மூன்றாவது பாட்டு, கழுத்துத் தழும்பைப் பற்றியது. என் கழுத்தில் ஒரு கோடு, அது கடவுள் சூட்டிய மாலை என்று தொடங்கும். பதிவு அறையில் அதைப் பாடும்போது தழும்பைத் தொட்டுக்கொண்டேதான் பாடினேன். கூச்சமே இல்லை. அங்கே நானாவும் நானும்தான் இருந்தோம்.

பாட்டுகள் இணையத்தில் ஏறின. இக்காலத்தில் இறுவட்டு, அதுதான் சீடி, கேட்க யாரிடமும் கருவி இல்லை. ஆனாலும் மேடையில் முதற்பிரதி என்று கைக்குக் கை கொடுப்பதற்கு ஏதாவது வேண்டுமே. அதற்காகவே நானா கொஞ்சம் இறுவட்டுகள் அடித்துத் தந்தார். உறையில் என் படம் போட வேண்டாம், சூரியகாந்திப் பூ போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். விழாவுக்குச் சேலைச் சட்டை தைக்கக் கொடுத்தபோது தையல்காரப் பெண் கழுத்து எவ்வளவு இறக்கம் என்று கேட்டாள். "மேல் வரைக்கும் மூடித் தையுங்கோ, இப்ப அதுதானே ஸ்டைல்" என்றேன். அப்படிச் சொல்லும்போது பாட்டு எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. இதுதான் உண்மை. யாரும் நம்பப் போவதில்லை.

விழா கடற்கரைக்குக் கிட்ட உள்ள மண்டபத்தில் நடந்தது. எங்கள் நகரத் தெருக்களில் திரியும் மான்கள் வழக்கம்போல வாசலில் நின்று, சிற்றுண்டிப் பெட்டிகளை மோந்துகொண்டிருந்தன. மகள் சேலை உடுத்தி, வருகிறவர்களுக்குச் சந்தனமும் கற்கண்டும் நீட்டினாள். கணவர் வரவில்லை. அன்றைக்குத் துறைமுகத்துக்குக் கப்பல் வந்திருந்தது. "போனில பார்ப்பன்" என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளூர் முகநூல் பக்கம் ஒன்று விழாவை நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் பாடகர் குழுத் தலைவி நயவுரை சொன்னார். கூச்சமாக இருக்குமளவுக்குப் புகழ்ந்தார். அடுத்தது ஆய்வுரை. அதைச் சொல்ல வந்தவர் ஓய்வுபெற்ற விரிவுரையாளர். எங்கள் மாவட்டத்தில் அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்கினால் அது பெரிய விசயம். நான்தான் அவருடைய வீட்டுக்குப் போய், பாட்டுகளைக் கொடுத்து, பேசுவதற்குக் கேட்டேன்.

"எட்டுப் பாடல்களையும் கவனமாகக் கேட்டேன்" என்று தொடங்கினார். "தாளம் துள்ளுகிறது. கால் தானாக ஆடுகிறது. அதில் குறை சொல்ல ஏலாது. ஆனால் இந்தப் பாடல்களில் வருகிற பெண்ணுக்கு ஒரு நாளாவது தன்னைப் பிடிக்காமல் போகவில்லையா? ஒரு காலையிலாவது கண்ணாடியைப் பார்த்து முகத்தைச் சுளிக்கவில்லையா? எட்டுப் பாட்டிலும் வெயில் மட்டும்தான். எனக்கு இது சீனிப்பாணி குடித்தது போல இருந்தது."

இதுவரைக்கும் நான் தாங்கிக்கொண்டேன். தலையைக்கூட ஆட்டினேன்.

"மூன்றாவது பாட்டில் பாடகி சொல்கிறார், தன் கழுத்துத் தழும்பு கடவுள் சூட்டிய மாலை என்று. நல்ல உவமை. ஆனால் சபையோரே, மாலையை யாராவது ஒளித்து வைப்பார்களா? இன்றைக்கு எங்கள் முன்னால் பாடகி கழுத்துவரை மூடிய சட்டையோடு இருக்கிறார். பாட்டு ஒன்று சொல்கிறது. சட்டை இன்னொன்று சொல்கிறது. நான் எதை நம்புவது?"

மண்டபம் சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை, சரியான இடத்தில் சரியான பகிடி விழுந்தால் வருகிற சிரிப்பு. என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. போன கையை இறக்க முடியவில்லை. இறக்கினால் எல்லாரும் கழுத்தைப் பார்ப்பார்கள். இறக்காவிட்டால் கையைப் பார்ப்பார்கள். சிரிக்கப் பார்த்தேன். உதடு ஒரு பக்கம் போய், கன்னம் இன்னொரு பக்கம் போனது. வாசலுக்குக் கிட்டக் கற்கண்டுத் தட்டோடு நின்ற மகளைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு ஏற்புரை. வீட்டில் எழுதிக்கொண்டு வந்த தாளைப் பிரித்தேன். எதையும் மாற்ற மூளை வேலை செய்யவில்லை. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசித்தேன். "இந்தப் பாடல்கள் என்னைத் தலைநிமிர்ந்து நிற்க வைத்தன" என்ற வசனம் வந்தபோது தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து யாரோ மூக்கால் சிரித்தார்கள். "ஆய்வுரை வழங்கிய ஐயா அவர்களின் நல்ல வார்த்தைகளுக்கு நன்றி" என்பதையும் வாசித்தேன். அப்போது எல்லாருமே சிரித்தார்கள்.

கணவர் வேலை முடிந்து மறுநாள் மத்தியானம் வந்தார். சோறு போட்டுக் கொடுத்தேன். கடைசிப் பிடி வரைக்கும் சாப்பிட்டார்.

"படகில எல்லாரும் பார்த்தவை" என்றார் பிறகு.

"என்ன சொன்னவை?"

"ஒண்டும் சொல்லேல்லை. சிரிச்சவை."

"நீங்கள்?"

வெறும் சோற்றுக் கோப்பையில் கையை அளைந்துகொண்டிருந்தார். "நானும் சிரிச்சிட்டன். அந்தாள் சொன்ன விதம் அப்பிடி. பிறகுதான் அது நீர் எண்டு உறைச்சது."

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். அதற்காகத்தான் அவரைக் கட்டினேன். அன்றைக்கு மட்டும் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த சில நாட்களில் யாரோ ஒருவர் நேரலையிலிருந்து அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்தார். கை கழுத்துக்குப் போவதும், முகம் கோணுவதும். அதற்குப் பின்னணியாக என்னுடைய பாட்டையே போட்டிருந்தார்கள்: என்னை எனக்குப் பிடிக்கும், பிடிக்கும், பிடிக்கும். முகம் கோணுகிற இடத்தில் படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, பின்னுக்கு முன்னுக்கு ஓட்டியிருந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெடியளும் மலையகத்துப் பிள்ளைகளும் லண்டனில் இருப்பவர்களும் அந்த முகத்தைப் பரீட்சை முடிவு வந்த நாளுக்கும், பஸ்ஸைத் தவறவிட்டதற்கும், கறி கருகியதற்கும் அனுப்பிக்கொண்டார்கள். பாட்டைக் கேட்டவர்கள் தொகை ஏறிக்கொண்டே போனது. நானா தொலைபேசி எடுத்து, சந்தோசப்படுவதா வேண்டாமா என்று தெரியாத குரலில், "தங்கச்சி, கேட்கிறாங்க, எல்லாரும் கேட்கிறாங்க" என்றார்.

மோசமாகப் பாடினேன் என்று சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கம் வந்திருக்காது. கோயிலில் சுருதி விலகியதற்கு எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறேன். என்னை எரித்தது வேறு. நான் என்னை வடிவு என்று நம்பினேன் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இந்த உடம்போடு, இந்த வயதில், அப்படி நம்பி, அதற்குத் தாளமும் போட்டு, ஆட்களைக் கூப்பிட்டுக் கற்கண்டும் கொடுத்தேன். அந்த நம்பிக்கைதான் நிர்வாணமாக நின்றது. சட்டை எவ்வளவு மூடினாலும்.

மகள் பள்ளிக்கூட வாட்சப் குழுவிலிருந்து விலகிவிட்டாள். பெற்றோர் கூட்டத்துக்கு யார் வருவது என்று பேச்சு வந்தபோது, "அப்பா வரட்டும்" என்றாள்.

"அப்பாவுக்கு அண்டைக்கு வேலை."

"அப்ப ஒருத்தரும் வரத் தேவையில்லை."

நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். "அம்மா, உங்களுக்கு உங்களைப் பிடிக்குமெண்டால் மனசுக்குள்ள வைச்சிருக்கலாம்தானே. ஏன் ஊருக்கெல்லாம் சொன்னனீங்கள்?"

யோசித்துப் பார்த்தேன். குரல் திரும்பி வந்த ஒருத்தி அதை வைத்து வேறு என்ன செய்வாள் என்று கேட்கலாமா என்று இருந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்தால் அது சரியான பதிலாகத் தெரியவில்லை.

"தெரியேல்லை மகள்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஆய்வுரை கட்டுரையாக வந்தது. சீனிப்பாணி இருந்தது. சட்டையும் இருந்தது. அதே கிழமை கோயிலில் பங்குத்தந்தை தன்னை நேசிப்பது போல் அயலானை நேசிப்பதைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். தன்னை நேசிப்பதும் ஒரு பாவமில்லை, அது தொடக்கம் மட்டும்தான் என்றார். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. முழுக் கோயிலும் பாடகர் குழுவைத் திரும்பிப் பார்த்தது. பின்வரிசைக்கு முன்னால் நிறைய ஆட்கள் நின்றும் ஒருவரும் என்னை மறைக்கவில்லை.

எனக்காக எழுதியவர்களும் இருந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒரு பெண் நீளமாக எழுதி, அது பலரிடம் போனது. அந்த எட்டுப் பாட்டையும்விட அந்தக் கை கழுத்துக்குப் போனதுதான் பெரிய கலை, ஒரு சமூகமே பெண்ணுடம்புக்குக் கற்றுக்கொடுத்த வெட்கம் அதில் இருக்கிறது என்று எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதினார். நான் அதைக் கடையின் பின்னறையில் இருந்து வாசித்தேன். நான் செய்தவை பாட்டுகள். கை நான் செய்ததில்லை. செய்தது ஒன்றுக்கும் உதவாது, செய்யாதது கலை என்றால் நான் எந்தப் பக்கம் திரும்புவது? ஆய்வுரையைவிட அந்தப் பாராட்டு எனக்கு அதிகம் கூசியது.

கடைக்கு ஆட்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். ஃபிரேமைப் போட்டுப் பார்ப்பது போல, கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்ப்பார்கள். ஒருநாள் மூதூரிலிருந்து ஒரு முஸ்லிம் பெண், என்னுடைய வயதிருக்கும், வாசிக்கும் கண்ணாடி வாங்க வந்தார். பணம் கட்டிய பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்கதானே அந்தக் கழுத்துப் பாட்டு?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது.

"எனக்கும் வெட்டினது. போன வருசம்." பர்தாத் துணியைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். "எங்களுக்கு இது வசதி. ஒருத்தனும் கேள்வி கேட்கேலா. அது கிடக்கட்டும், உங்களுக்குக் குரல் திரும்ப எவ்வளவு காலம் எடுத்தது? எனக்கு இன்னும் இரவானா கரகரக்குது."

நான் குடித்த குளிசையைப் பற்றியும் உப்புத் தண்ணீர் கொப்பளித்ததைப் பற்றியும் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். பாட்டைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தையும் அவர் பேசவில்லை. தழும்பைப் பற்றி இவ்வளவு இலகுவாகப் பகிடி விட்டவரின் முன்னால், அதற்காக ஒரு பாட்டே எழுதிய நான் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து விரிவுரையாளர் கடைக்கு வந்தார். மத்தியான வெயில். குடையை மடக்கி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து நின்றார். ஃபிரேம் வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"இருங்கோ சேர். ஃபிரேம் பார்க்கப் போறீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. உங்களைப் பார்க்கத்தான் வந்தனான்."

கடை முதலாளி அம்மா விசயத்தை விளங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனார். வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்கள் போகவில்லை.

"கனடாவில இருந்து மகன் போன் எடுத்தவன்" என்றார். "'அப்பா, என்ன வேலை பார்த்து வைச்சிருக்கிறீங்கள்' எண்டு கேட்டவன். எனக்கு இந்த முகநூல் ஒண்டும் தெரியாது. அவன் அனுப்பித்தான் அந்தத் துண்டைப் பார்த்தனான். அண்டைக்கு நான் பாட்டைப் பற்றிக் கதைக்க வந்தவன். சட்டை பாட்டில இல்லை. அதைச் சொல்லியிருக்கக் கூடாது."

"அது உண்மைதானே சேர்."

"உண்மைதான். அதுக்காகச் சொல்ல வேணுமெண்டில்லை."

எனக்குள்ளே ஒரு கேள்வி பல நாளாகக் கிடந்தது. "பேப்பரில வாறதுக்கு முதல் அந்த வரியை எடுத்திருக்கலாமே, சேர்?"

அவர் அலுமாரியில் அடுக்கியிருந்த ஃபிரேம்களைப் பார்த்தார். "எடுத்திருக்கலாம். மண்டபம் அந்த இடத்திலதான் சிரிச்சது. நல்ல வரி எண்டு நினைச்சிட்டன்."

வயதான மனிதர் வெயிலில் வந்து, இரண்டு அந்நியர்களுக்கு முன்னால் தலை குனிந்து நின்று இதைச் சொன்னார். எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவரை அப்படி நிற்க வைத்ததற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது. எதையாவது சொல்லி அவரை அனுப்ப வேண்டும் போல இருந்தது.

"மற்றதெல்லாம் சரியோ சேர்? சீனிப்பாணி?"

"அதை நான் மாத்த மாட்டன் பிள்ளை" என்றார் மிகவும் மரியாதையாக. "அது சீனிப்பாணிதான்." பிறகு, ஏதாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "நாலாவது பாட்டில புல்லாங்குழல் வாசிச்சவர் நல்ல கலைஞர்" என்றார்.

"அது கீபோர்ட் சேர்."

வாடிக்கையாளர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அவரும் சிரித்தார். விழாவுக்குப் பிறகு முதல் தடவையாக நானும் சிரித்தேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறிப் போனார்.

அந்த நேரத்தில் நானாவுக்கும் ஒரு யோசனை வந்திருந்தது. மூன்றாவது பாட்டை மெதுவாக, தாளமில்லாமல், ஒரு வயலினை மட்டும் வைத்துப் பாடிப் போடுவோம் என்றார். "ஊர் இப்ப அழ ரெடியா இருக்கு தங்கச்சி. இந்த நேரத்துல போட்டா, சிரிச்சவனெல்லாம் அழுவான்." போய்ப் பாடிப் பார்த்தேன். உண்மையாகவே வடிவாக வந்தது. அதே சொற்கள், ஆனால் ஒவ்வொன்றும் விம்மியது. நானா காதுக் கருவியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

"அழிச்சுப் போடுங்கோ நானா" என்றேன்.

"என்னத்துக்கு? இதுதானே உண்மையா இருக்கு?"

"இல்லை. இதுதான் பொய். அந்தப் பாட்டு வந்த அண்டைக்கு நான் அழேல்லை."

"அப்ப முந்தினது உண்மையோ?"

"மீன் கழுவின அந்த ஒரு காலமை முழுக்க உண்மை."

அவருக்கு விளங்கியதோ தெரியாது. ஆனாலும் அழித்தார். அப்போதும் என் வெட்கம் குறைந்துவிடவில்லை. ஆய்வுரையை வெல்ல ஒரு நல்ல வழி கிடைத்ததை நானே தட்டிவிட்டேன் என்றும், அதற்கும் ஒருநாள் யாராவது சிரிப்பார்கள் என்றும் நினைத்துக்கொண்டு கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி வந்தேன்.

பெரிய மாற்றம் ஏதும் பிறகு நடக்கவில்லை. ஆட்களுக்கு வேறு முகங்கள் கிடைத்தன, என்னுடைய முகம் மெல்ல மெல்லக் கீழே போனது. ஆனால் வெட்கம் அதோடு போகவில்லை. பஸ்ஸில் யாராவது போனைப் பார்த்துச் சிரித்தால் இன்றைக்கும் என் காது சுடுகிறது. மகள் என்னோடு பழையபடி கதைத்தாள். பாட்டைப் பற்றி மட்டும் வீட்டில் பேச்சில்லை.

இந்த வருடம் கணவரோடு படகில் வேலை செய்பவரின் மகளுக்குக் கலியாணம். நகரத்தில் மண்டபம். பாண்ட் வாத்தியக் குழுவைப் பிடித்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து, கேக் கொடுத்து, இளசுகள் ஆடத் தொடங்கிய நேரம், தாளம் மாறியது. இரண்டு தட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது என்னுடைய பாட்டு, என்னை எனக்குப் பிடிக்கும்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. பாட்டு யாருடையது என்று அங்கே யாருக்கும் அக்கறை இல்லை. மாப்பிள்ளையின் தகப்பன்கூட ஆடினார். நான் மேசைத் துணியின் மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து வெளியே போனால் எல்லாரும் கவனிப்பார்கள் என்று நினைத்து எழும்பவில்லை. எங்களுக்குப் பின்னால் இருந்த பெண்ணொருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இது அந்தக் கழுத்துப் பொம்பிளையின்ர பாட்டெல்லே, முகம் கோணுமே, அவ" என்று சொல்வது கேட்டது.

மகள் கதிரையோடு திரும்பினாள். "அது என்ர அம்மா, அன்ரி" என்றாள். கோபமாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. வீட்டு விலாசம் கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். அந்த அன்ரி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துத் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. மகள் திரும்பவும் முன்னால் திரும்பி, மிச்சமிருந்த வட்டிலாப்பத்தைச் சாப்பிட்டாள். அவளுடைய காதும் சிவந்திருந்தது. கணவர் தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளி வைத்தார்.

பாட்டு இரண்டாவது சரணத்துக்கு வந்தது. அங்கே, "வேலை முடிஞ்சு வாற வழியில் காத்து என் தோளைத் தட்டிச்சு" என்று வரும். பாண்ட்காரர் "காத்து என் தோட்டைத் தட்டிச்சு" என்று பாடினார். ஆடிக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து அதையே பாடினார்கள். தோடாம்! அந்த வரியில் தோட்டுக்கு என்ன வேலை? முழுப் பாட்டிலும் நான் கஷ்டப்பட்டுத் தேடி எடுத்த சொல் அந்தத் 'தோள்' ஒன்றுதான். அவர்கள் திரும்பவும் பாடினார்கள், திரும்பவும் தோடு. எனக்குச் சரியான எரிச்சல் வந்தது.

மகள் என்னுடைய முழங்கையில் இடித்தாள்.

"அம்மா, பாடுறீங்கள்."

"இல்லையே."

"ஓம், பாடுறீங்கள். சத்தமா."

வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் மூன்றாவது தரமும் பிழையாகத்தான் பாடினார்கள்.